அவுக பேருல: மணமுறிவும் தேடியதேட்டமும்

பெண்களின் சொத்துரிமை பற்றி எங்கே பேச்செடுத்தாலும் நம் தோழர்களிடமிருந்து இரண்டு பதில்கள் வரும். தனிச்சொத்தையே ஒழிக்கக் கிளம்பியவர்கள் அதில் பங்கு கேட்டுக் கோர்ட்டு வாசலில் நிற்பதா என்பது ஒன்று. எங்கெல்ஸ் 1884இல் எழுதிய நூலைத் துணைக்கு வைத்துக்கொண்டு இதைச் சொல்வார்கள். இன்னொன்று கொஞ்சம் இரக்கத்தோடு சொல்லப்படுவது: 'ஏங்க, புதுக்கோட்டை மாதிரி வானம் பாத்த பூமியில, அரைக் காணி நெலமும் ஓட்டு வீடும் வச்சிருக்கவன்ட்ட பிரிக்கிறதுக்கு என்ன இருக்கு? இதெல்லாம் மெட்ராஸ்ல பிளாட் வாங்கினவங்க பிரச்சினை.'

முதல் பதில் கேள்வியைப் புரட்சிக்குப் பிந்தைய தேதிக்குத் தள்ளிவைக்கிறது. அதுவரை சொத்து யாரிடம் இருக்கும் என்பதில் மட்டும் மாற்றமில்லை. அதை அப்படியே விட்டுவிடலாம். இரண்டாவது பதில் தகவல் அளவிலேயே தப்பு. அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கத்துப் பெண்களுக்கு மனு எழுதிக் கொடுத்துப் பழகியவள் என்ற முறையில் சொல்கிறேன். இல்லாதவர்களின் பட்டியல்தான் நீளமானது. இருப்பவர்கள் 'வீடு ஒன்று, கார் ஒன்று' என்று இரண்டு வரியில் முடித்துக்கொள்வார்கள். இல்லாதவள் சொல்லச் சொல்லத் தாள் போதாது. தவலை ரெண்டு, குத்துவிளக்கு, பீரோ, கட்டில், கிரைண்டர், தையல் மிசின், கறவை மாடு ஒண்ணு. 'இப்பக் கன்னு போட்டிருக்குக்கா, கன்னையும் சேத்து எழுதுங்க.'

இந்தக் கன்றுக்குட்டியிடம் கொஞ்சம் நிற்கலாம். மாடு அவளுடைய அப்பன் வீட்டிலிருந்து வந்தது. கன்று இங்கே பிறந்தது. சட்டத்துக்கு இதில் குழப்பமில்லை. தாய்மாடு யாருடையதோ கன்றும் அவருடையது. குழப்பம் அடுத்த வாக்கியத்தில் வருகிறது. அந்த மாட்டைப் பன்னிரண்டு வருசம் கறந்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றி, அந்தக் காசோடு புருசனின் கொத்தனார் சம்பளத்தையும் சேர்த்து வாங்கிய மனை யாருடையது? 'நாங்க வாங்குனது' என்கிறாள் அவள். 'யார் பேருல இருக்கு?' என்று கேட்கிறோம். 'அவுக பேருல.' அத்தோடு முடிந்தது. 'நாங்க' என்கிற பன்மை ஒரு பத்திரத்தின் முன்னால் ஒருமையாகிவிடுகிறது. 'அவுக' என்ற மரியாதைப் பன்மை மட்டும் மிச்சமிருக்கிறது.

விசயத்தை நேராகச் சொல்லிவிடலாம். மணமுறிவின்போது சொத்து எப்படிப் பிரிக்கப்படுகிறது என்று கேட்டால், இந்தியாவில் பிரிக்கப்படுவதே இல்லை என்பதுதான் பதில். கோவா மட்டும் விலக்கு. 1867ஆம் ஆண்டின் போர்த்துக்கீசிய சிவில் சட்டம் அங்கே விட்டுச்சென்ற மரபின்படி, வேறு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாத தம்பதியரின் சொத்து பொதுச்சொத்து, பிரியும்போது ஆளுக்குப் பாதி. மற்றெல்லா இடத்திலும் திருமணம் என்பது இரண்டு பேரை ஒன்றாக்கும் புனிதச் சடங்கு, ஆனால் சொத்து விசயத்தில் இருவரும் அந்நியர். நம் குடும்பப் பெருமிதப் பேச்சுகளில் எங்குமே வராத உண்மை இது.

மனைவிக்குச் சட்டம் தருவதெல்லாம் ஜீவனாம்சம். இந்து மணச் சட்டம் 1955இன் 24ஆம் பிரிவு வழக்கு நடக்கும்போது தருவது, 25ஆம் பிரிவு முடிந்தபின் தருவது. எல்லா மதத்தாருக்கும் பொதுவாக இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவாகியிருக்கிறது. ஜீவனாம்சம் படி, பங்கு இல்லை. இந்த வித்தியாசம் வெறும் சொல் வித்தியாசம் அல்ல. பங்கு கேட்பவளிடம் அவளுடைய நடத்தை பற்றி யாரும் கேட்க முடியாது. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது ஒழுக்கச் சான்றிதழா கேட்கிறார்கள்? படி வாங்குபவளிடம் கேட்கலாம். 25ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அவள் மறுமணம் செய்தாலோ 'கற்போடு' இல்லையென்றாலோ உத்தரவை மாற்றவும் ரத்து செய்யவும் வழிவைத்திருக்கிறது. உழைத்ததற்கான கணக்கைக் கேட்கப் போனவளின் உடம்பைக் கணக்கெடுக்கும் ஏற்பாடு இது. பெண் உடலின் மீதான அதிகாரம் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அந்த அதிகாரம் ஒரு உட்பிரிவில் இவ்வளவு சாதாரணமாக உட்கார்ந்திருப்பதை வாசித்துப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு விபரீதமும் உண்டு. புருசன் உயில் எழுதாமல் செத்துப்போனால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி முதல் வகுப்பு வாரிசு, அவன் சம்பாதித்ததில் பிள்ளைகளோடும் மாமியாரோடும் சமபங்கு. முஸ்லிம் பெண்ணுக்கும், பிள்ளைகள் இருந்தால், எட்டில் ஒரு பங்கு உண்டு. தாலியறுத்தவளுக்குப் பங்கு உண்டு, தீர்த்துக்கொண்டவளுக்கு இல்லை. உயிரோடிருக்கும் புருசனிடம் அவள் எதற்கும் உரியவள் அல்ல.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் போட்டது. அறுபது வருசம் கழித்து 1989இல் தமிழ்நாட்டுச் சட்டம் மகளையும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்காளியாக்கியது. அந்த வருசம் மார்ச் 25க்கு முன் கல்யாணமானவர்களை வெளியே நிறுத்திவிட்டுத்தான். 2005இல் நாடு முழுமைக்கும் வந்த திருத்தம் அந்த வேலியை எடுத்தது. இவ்வளவு நீண்ட போராட்டமும் தகப்பன் சொத்தைப் பற்றியது. புருசன் வீட்டில் அவள் போட்ட உழைப்பைப் பற்றி ஒரு தீர்மானமோ ஒரு திருத்தமோ நம்மிடம் இல்லை. பெண்ணை மகளாக அங்கீகரிப்பது நமக்குச் சாத்தியமாயிற்று. உழைப்பாளியாக அங்கீகரிப்பதில்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

*

நம் பேச்சுமொழியே இந்தச் சட்டத்தைப் போலத்தான் இருக்கிறது. பெண் வீட்டார் 'இருவத்தஞ்சு பவுன் போட்டம்' என்பார்கள், 'சீர் செஞ்சம்' என்பார்கள். போடுவது, செய்வது. இந்த வினைகளுக்கு எழுவாய் எப்போதும் அப்பன் அல்லது அண்ணன். ஆணின் வினைகள் வேறு: சம்பாரிக்கிறது, கட்டுறது, வாங்குறது. பெண் தன்னைப் பற்றிச் சொல்லும்போது வரும் வினை 'இருந்தேன்'. 'இருவது வருசம் அந்த வீட்ல இருந்தேன்.' இருந்ததற்கு யார் கூலி தருவார்கள்?

சட்டத்துக்குத் தெரிந்ததும் 'போட்டது' மட்டுமே. மணமுறிவு வழக்கில் நீதிமன்றம் சொத்தைத் தொடுவதற்கு இந்து மணச் சட்டத்தில் ஒரே ஒரு பிரிவு, 27. கல்யாணத்தின்போதோ அதை ஒட்டியோ கொடுக்கப்பட்டு இருவருக்கும் பொதுவாக உள்ள பொருட்களைப் பற்றி மட்டும் உத்தரவிடலாம். அவளுக்கென்றே போட்டது ஸ்திரீதனம், அவளுடைய முழுச்சொத்து. இதற்கும் ஒரு சண்டை நடந்திருக்கிறது. 1982இல் பஞ்சாப்–அரியானா உயர் நீதிமன்றம், நகை புகுந்த வீட்டுக்குள் வந்தபின் அது தம்பதியரின் கூட்டு அனுபவத்தில் இருக்கிறது, எனவே நம்பிக்கை மோசடிக் குற்றம் ஆகாது என்ற பொருளில் தீர்ப்பளித்தது. வீட்டுக்குள் வந்தால் எல்லாம் பொது என்ற இந்தத் தாராளம் அவனுடைய நிலத்துக்கு மட்டும் ஏனோ பொருந்தவில்லை. 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் புரட்டிப்போட்டது. ஸ்திரீதனம் அவளுடையது, கணவன் கையில் இருந்தால் ஒப்படைக்கப்பட்ட பொருள், திருப்பித் தர மறுத்தால் குற்றம். 2024 ஏப்ரலில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 89 சவரன் நகையை முதலிரவன்றே 'பத்திரமாக வைக்க' வாங்கிக்கொண்ட குடும்பத்தின் வாதத்தை ஏற்காமல், அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. ஒவ்வொரு பவுனுக்கும் ரசீது கேட்கக் கூடாது, நடந்திருக்கக் கூடியது எது என்று பார்த்தால் போதும் என்பது அந்தத் தீர்ப்பின் பயனுள்ள பகுதி.

ரசீது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இன் கீழ் 1985இல் ஒரு விதி வந்தது. கல்யாணத்தில் பொண்ணுக்கு வந்த பரிசுகளுக்கு ஒரு பட்டியல், மாப்பிள்ளைக்கு வந்ததற்கு ஒரு பட்டியல். என்ன பொருள், தோராய மதிப்பு என்ன, கொடுத்தவர் யார், என்ன உறவு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பொண்ணின் பட்டியல் பொண்ணிடம் இருக்க வேண்டும். இந்த மாவட்டத்தில் அப்படியொரு பட்டியலை ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை. மண்டபத்தில் இரண்டு மேசை போட்டு நாலு பேர் உட்கார்ந்து மொய் எழுதுகிறார்கள். அம்பது ரூபாய் மொய்க்கும் ஊர், அப்பன் பேர் எல்லாம் பதிவாகிறது. முப்பது பவுனுக்குப் பதிவு கிடையாது. எழுதத் தெரியாததாலா? வரதட்சணை என்று எழுதினால் கொடுத்தவனும் குற்றவாளி என்ற பயம் ஒரு பக்கம். 'நல்ல காரியத்துல இப்பவே பிரியிற கணக்கா?' என்ற வாய்ப்பூட்டு இன்னொரு பக்கம். அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு, வரதட்சணையாக யார் வாங்கியிருந்தாலும் மூன்று மாதத்துக்குள் பெண்ணிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. வாங்கினது குற்றம், திருப்பித் தராதது இன்னொரு குற்றம். ஊர்ப் பஞ்சாயத்தில் 'வரதட்சணைன்னு சொன்னா உங்க அப்பனுக்கும் கேசு' என்று மிரட்டுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் வாக்குமூலத்தை வைத்தே அவர்மீது வழக்குப் போட முடியாது என்று 7ஆம் பிரிவில் இருப்பதையும் சொல்வதில்லை.

பல சாதிகளில் ஊர்க்கூட்டத்திலேயே அத்துவிடுகிற வழக்கம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. நிரூபிக்கப்பட்ட வழக்காற்று மணமுறிவை இந்து மணச் சட்டத்தின் 29ஆம் பிரிவு செல்லும் என்று விட்டுவைத்திருக்கிறது. பரிசம் கொடுத்துப் பொண்ணெடுத்த காலத்தில் விலகிப்போகிற பொண்ணின் வீட்டார் பரிசத்தைத் திருப்பிக் கட்டினார்கள். இப்போது பணம் எதிர்த்திசையில் ஓடுகிறது, ஆனால் திருப்பிக் கட்டும் பழக்கம் மட்டும் திசை மாறவில்லை. இருபது ரூபாய் பத்திரத்தில் ஒரு வாசகம் தவறாமல் வரும், இனிமேல் ஒருவருக்கொருவர் கொடுக்கல் வாங்கல் ஏதும் கிடையாது என்று. அவள் கைநாட்டு வைப்பது இந்த வாசகத்துக்குக் கீழேதான். ஜீவனாம்ச உரிமையை இப்படி எழுதிக் கொடுத்து இழந்துவிட முடியாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. அது கைநாட்டு வைத்தவளின் காதுக்குப் போய்ச்சேர்வதில்லை.

*

கணக்கு எங்கே பார்க்கப்படுகிறது, அந்த இடத்துக்குள் அவள் போக முடியுமா என்பதுதான் அடிப்படையான கேள்வி என்று நான் நினைப்பதற்கு இந்த ஊரிலேயே ஒரு காரணம் இருக்கிறது. ஷெரிஃபா கானம் புதுக்கோட்டையில் தொடங்கிய ஸ்டெப்ஸ் அமைப்பும், அதிலிருந்து 2000களின் தொடக்கத்தில் உருவான தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தும் செய்த தலையீட்டை இயக்கக்காரர்களே சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது என் எண்ணம். மதச் சீர்திருத்தம் என்று சிலர் பாராட்டினார்கள், மத விரோதம் என்று சிலர் ஏசினார்கள். அது அடிப்படையில் ஒரு கணக்குக் கேட்கும் சபை. பள்ளிவாசல் ஜமாஅத்தில் ஆண்கள் உட்கார்ந்து தலாக் விசாரிக்கும்போது அந்தப் பெண் உள்ளே வர முடியாது. அவளுக்காக அவளுடைய அப்பனோ அண்ணனோ பேச வேண்டும். தன் நகையின் எடையைத் தானே சொல்ல முடியாதவளின் நகை எப்படித் திரும்பும்? பெண்கள் ஜமாஅத் அவளை உட்காரவைத்து அவள் வாயால் சொல்லச் சொன்னது. மஹர் எவ்வளவு, கைக்கூலி எவ்வளவு, நகை எவ்வளவு, அதில் எது அடகில் இருக்கிறது. பிறகு அந்தத் தாளோடு ஆண் ஜமாஅத்திடமும் காவல் நிலையத்திடமும் போனது. தீபா தன்ராஜ் 2011இல் எடுத்த ஆவணப்படத்தில் இந்த விசாரணைகளைப் பார்க்கலாம். பெண்களுக்கென்று தனிப் பள்ளிவாசல் கட்டுவோம் என்று அவர்கள் அறிவித்தபோது எழுந்த கூச்சலை இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். தொழும் இடம் மட்டுமல்ல, விசாரிக்கும் இடமும் கைமாறுகிறது என்பது ஆண்களுக்கு உடனே விளங்கிவிட்டது.

இங்கே வாசகர்களுக்கு ஒரு முரணைச் சுட்டிக்காட்ட வேண்டும். ஷா பானு தீர்ப்பை முறியடிக்கக் கொண்டுவரப்பட்ட 1986ஆம் ஆண்டுச் சட்டத்தை நாமெல்லாம் எதிர்த்தோம். அதன் 3ஆம் பிரிவு, கல்யாணத்துக்கு முன்போ, கல்யாணத்திலோ, பின்போ, உறவினர், நண்பர், கணவன், கணவன் வீட்டார் யார் கொடுத்திருந்தாலும் அந்தச் சொத்தெல்லாம் அவளுக்குத் திரும்ப வேண்டும் என்கிறது. இந்து மணச் சட்டத்தின் 27ஆம் பிரிவைவிட இது தெளிவான வாசகம். 2001இல் டேனியல் லத்தீபி வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தாக் காலத்துக்குள் தர வேண்டிய 'நியாயமான ஏற்பாடு' அவளுடைய எதிர்காலம் முழுமைக்குமானது என்று பொருள் சொல்லி, அந்தச் சட்டத்தின் நோக்கத்தையே ஏறக்குறையத் திருப்பிவிட்டது. 2024 ஜூலையில் 125ஆம் பிரிவும் அவளுக்குத் திறந்தே இருக்கிறது என்றது. நடுவில் 2019இல் முத்தலாக் சொன்னவனை மூன்று வருசம் வரை சிறையில் போடும் சட்டம் வந்தது. ஆணைச் சிறைக்கு அனுப்ப வாசகம் இருக்கிறது, அவன் வீட்டில் அவளுக்கு ஒரு அறைக்குக்கூட அதில் வாசகமில்லை. முஸ்லிம் பெண்ணின் துயரத்தைப் பேசிப்பேசி உருகும் அரசு எதில் அக்கறையாக இருந்தது என்பது இதிலிருந்தே தெரிகிறது.

ஆனாலும் இந்த எல்லா ஏற்பாடுகளும், ஜமாஅத்தோ சட்டமோ, திருப்பித் தருவதைப் பற்றியவை. வந்தது திரும்பும். விளைந்தது திரும்பாது.

*

விளைந்ததற்குத் தமிழில் ஒரு சொல் உண்டு. நம்மிடம் இல்லை, யாழ்ப்பாணத்தில் இருக்கிறது: தேடியதேட்டம். 1707இல் டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை சொத்தை மூன்றாகப் பார்க்கிறது. வழிவழியாக வந்தது முதுசம், பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம், கல்யாணமான பின் தேடிச் சேர்த்தது தேடியதேட்டம். யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் குறித்த 1911ஆம் ஆண்டுச் சட்டம், தேடியதேட்டம் யார் பெயரில் இருந்தாலும் இருவருக்கும் சமம் என்றே எழுதியது. 'அவுக பேருல' என்ற பதிலுக்கு நேர் எதிரான வாக்கியம் ஒரு தமிழ்ச் சட்டத்தில் நூறு வருசத்துக்கு முன்பே இருந்திருக்கிறது. 1947இன் திருத்தம் அந்தப் பொதுமையைப் பெரிதும் நீர்க்கச் செய்துவிட்டது.

உடனே பழம்பெருமை பாடக் கிளம்ப வேண்டாம். அதே தேசவழமையில் அடிமைகளை வைத்திருப்பதற்கும் விற்பதற்கும் விதிகள் இருந்தன. மனைவி தன் சொந்த நிலத்தை விற்கவும் புருசனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்ற நிபந்தனை இன்றும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பங்கு உண்டு, கையெழுத்து இல்லை. ஆக எனக்கு வேண்டியது அந்தச் சட்டமல்ல, அந்தச் சொல். தேடியது யார் என்று அந்தச் சொல் கேட்பதில்லை. தேட்டம் ஒரு குடும்பத்தில் சேர்ந்தது என்பதை மட்டுமே அது பார்க்கிறது.

வெளிநாடுகளிலும் இந்தப் பார்வை இயல்பாக வந்துவிடவில்லை. கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஐரீன் மர்டாக் என்ற பெண் இருபது வருசத்துக்கும் மேலாகப் புருசனோடு மாட்டுப் பண்ணையில் வேலைசெய்தார். வைக்கோல் வாரினார், வண்டி ஓட்டினார், மாட்டுக்குக் கொம்பு எடுத்தார். புருசன் வெளிவேலைக்குப் போன மாதங்களில் பண்ணை முழுவதும் அவர் கையில். 1973இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பண்ணைக்காரன் பெண்சாதி எவளும் செய்கிற வேலைதானே இது என்ற விசாரணை நீதிமன்றத்தின் பார்வையை ஏற்று, பண்ணையில் பங்கில்லை என்றது. நீதிபதி லாஸ்கின் ஒருவர் மட்டும் மாறுபட்டார். அந்தத் தீர்ப்பு மூட்டிய கோபத்தில்தான் 1970களின் இறுதிக்குள் கனடாவின் மாகாணங்கள் ஒவ்வொன்றாகச் சட்டத்தை மாற்றின. ஆலங்குடியில் நாற்று நடுகிறவளிடமும் இதையேதான் சொல்கிறார்கள்: 'எல்லாப் பொம்பளையும் செய்யிறதத்தானே செஞ்ச?' எல்லோரும் செய்வதால் அது வேலையில்லாமல் போகிறது. இங்கே 2013 ஆகஸ்டில் மாநிலங்களவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. மீளமுடியாதபடி முறிந்த மணங்களில் புருசனின் அசையாச் சொத்தில் மனைவிக்கு நீதிமன்றம் ஒரு பங்கு தர அது வழிசெய்திருக்கும். மக்களவையில் நிறைவேறாமலே 2014இல் காலாவதியானது. அதற்காக எந்த ஊரிலும் யாரும் ஊர்வலம் போகவில்லை. எதிர்த்து மனு கொடுத்தது ஆண்கள் சங்கங்கள்.

சட்டம் செய்யாததை 2023 ஜூன் 21இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு சிவில் வழக்கில் செய்தார். நெய்வேலிக் குடும்பம். புருசன் 1983 முதல் பத்து வருசத்துக்கு மேல் சவூதியில். அனுப்பிய பணத்தில் மனைவி பெயரில் சொத்து வாங்கப்பட்டது. திரும்பி வந்தவர் 'எல்லாம் என் காசு' என்று வழக்குப் போட்டார். அறந்தாங்கியிலிருந்து மணமேல்குடி வரை சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆளனுப்பியிருக்கிற ஊர்களில் இந்தக் கதைக்கு விளக்கம் தேவையில்லை. அவள் வீட்டைப் பார்த்ததால்தான் அவனால் அங்கே சம்பாதிக்க முடிந்தது, நேரங்காலம் இல்லாத அந்த வேலையும் சொத்து வாங்கியதற்கான பங்களிப்புதான், இதை அங்கீகரிக்கச் சட்டமில்லை என்றாலும் தடுக்கவும் சட்டமில்லை என்று சொல்லி, சில சொத்துக்களில் அவளுக்குச் சரிபாதி கொடுத்தது தீர்ப்பு. அதே வருசம் செப்டம்பர் 15இல் மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகையை அரசு தொடங்கியபோது அதற்கும் வீட்டு உழைப்பின் பேர்தான் சொல்லப்பட்டது.

சந்தோசப்படலாம், அளவோடு. அந்த வழக்கில் சொத்து அவள் பெயரில் இருந்தது, புருசன் பிடுங்க வந்தான், பாதியோடு அவன் நிறுத்தப்பட்டான். சொத்து அவன் பெயரிலேயே இருந்து, அவள் பங்கு கேட்டுப் போயிருந்தால்? அந்தத் தீர்ப்பின் தர்க்கம் அங்கேயும் பொருந்த வேண்டும். அப்படிப் பொருத்திக் காட்ட வக்கீல்கள் வேண்டும், நீதிமன்றக் கட்டணம் வேண்டும், பத்துப் பதினைந்து வருசம் காத்திருக்கும் ஆயுசும் வேண்டும். அதுவரை கையில் இருப்பது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். அது வீட்டை அவளுக்குச் சொந்தமாக்காது. ஆனால் வெளியே தள்ளவிடாமல் தடுக்கும். வீடு மாமியார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமை உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 'வீடு எங்க அம்மா பேருல' என்ற பழைய தந்திரத்துக்கு இது பதில்.

*

கடைசியாக, எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத இரண்டு சொத்துக்கள்.

கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி பிறந்தால் மொய் விருந்து. கல்யாணம் காதுகுத்து எதுவும் வேண்டாம், அஞ்சு வருசத்துக்கு ஒரு முறை கறிச்சோறு போட்டு மொய் வாங்குவது. லட்சங்களில் சேரும், சில வீடுகளுக்கு அதற்கும் மேலே. போர்வெல்லும் வீடும் பிள்ளைகளின் படிப்பும் அதில் நடந்திருக்கின்றன. மொய் பரிசல்ல, கடன். செய்தவன் விருந்து வைக்கும்போது கூடுதலாகத் திருப்பிச் செய்ய வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்தபிறகு திருப்பிச் செய்ய முடியாமல் பல வீடுகள் தவித்தன. இந்த நோட்டு ஆண் பெயரில் இருக்கிறது. ஆனால் அதில் கணிசமான பங்கு பெண்ணின் அண்ணன் தம்பிகள், மாமன்கள், சித்தப்பன்கள் அவள் முகத்துக்காகச் செய்தது. அவள் பிரிந்து போகும்போது அந்தப் பணம் புருசனின் போர்வெல்லாக மண்ணுக்குள் இருக்கிறது. அவளுடைய தம்பி விருந்து வைக்கும்போது இவன் போய்த் திருப்பிச் செய்வானா? செய்யமாட்டான், அதான் உறவே இல்லையே. தம்பி பெண்சாதி யாரைக் குத்திக்காட்டுவாள் என்று சொல்லத் தேவையில்லை. மனுவில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கி எழுதச் சொல்லி இப்போது நான் வற்புறுத்துகிறேன். நோட்டின் பக்கத்தைப் போட்டோ எடுத்து இணைக்கச் சொல்கிறேன். வக்கீல்கள் சிரிக்கிறார்கள். ஸ்திரீதனத்துக்கும் ஒரு காலத்தில் சிரித்தவர்கள்தான்.

இன்னொன்று கடன். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது இந்த மாவட்டத்துப் பெண்கள் சைக்கிள் பழகியதும், கடன் வாங்கிச் சொந்தமாகச் சைக்கிள் வாங்கியதும் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. கடன் அவள் பெயரில், சைக்கிளும் அவளுடையது. பிறகு வந்த குழுக் கடன்களிலும் நுண்கடன் நிறுவனங்களிலும் இந்தப் பொருத்தம் அறுந்துபோயிற்று. கடன் தருகிறவனுக்கு அவள் பெயர் வேண்டும், ஏனென்றால் அவள் ஊரைவிட்டு ஓடமாட்டாள். பொருள் வாங்குகிறவனுக்கு அவன் பெயர் போதும். லோடு வண்டி அவுக பேருல, மாடி எடுத்தது அவுக பேருல, வாரத் தவணை எம்பேருல. மணமுறிவில் சொத்தைப் பிரிக்கவே வழியில்லாத சட்டத்தில் கடனைப் பிரிக்க ஏது வழி?

ஒரு சின்னச் சந்து மட்டும் இருக்கிறது. ஜீவனாம்ச வழக்குகளில் இருவரும் தங்கள் சொத்துக்களையும் கடன்களையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எல்லோரும் அவனுடைய சொத்துப் பகுதியைத்தான் துருவுகிறார்கள். அவளுடைய கடன் பகுதியை 'இல்லை' என்று அடித்துவிட்டுப் போகிறார்கள். குழுக் கடன் பாஸ்புத்தகத்தையும், அந்தப் பணத்தில் வாங்கிய வண்டியின் ஆர்.சி. புத்தக நகலையும் பக்கத்துப் பக்கமாக வைக்க வேண்டிய இடம் அதுதான். தேதிகள் ஒத்துப்போகும். திங்கட்கிழமை கடன், வியாழக்கிழமை வண்டி. மாதத் தொகையைக் கணக்கிடும்போது அந்தத் தவணையையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்ட சில வழக்குகளில் சேர்த்துக் கிடைத்திருக்கிறது.